போட்டோ எடுப்பது எங்கே? போர் நடந்தது எங்கே?

தூத்துக்குடியில் இருந்து பாஞ்சாலங்குறிச்சிக்கு வேன் வேனாகக் கூட்டம் போகிறது. போய் இறங்கியதும் முதல் வேலை என்ன? போட்டோதான்!

"அண்ணாச்சி, கோட்டை முழுசும் தெரியிற மாதிரி ஒண்ணு எடுங்க!"

எடுத்தாச்சு. வேனும் கிளம்பியாச்சு.

ஆனால் அந்தக் கோட்டை கட்டபொம்மன் கட்டியது அல்ல. 1974-ல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. ரத்தம் சிந்திய பழைய கோட்டையின் அடித்தளச் சுவர்கள் பக்கத்திலேயே தரையோடு கிடக்கின்றன. கேமரா அந்தப் பக்கம் திரும்புவது அபூர்வம்!

2 தடவை நடந்த சண்டை

சினிமா பார்த்தவர்களுக்கு 1799 தெரியும். செப்டம்பர் 5-ல் பானர்மேன் படை கோட்டையைத் தாக்கியது. அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 1801 பிப்ரவரியில் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையில் இருந்து தப்பினார். இடிந்து கிடந்த மண் கோட்டையைச் சில நாட்களிலேயே சனங்கள் எழுப்பிவிட்டார்கள். தூத்துக்குடியும் அவர் ஆட்கள் கைக்கு வந்தது. மார்ச் 31-ல் மோதிய கும்பினிப் படை தோற்றுத் திரும்பியது. மே 24-ல்தான் கோட்டை விழுந்தது. பிறகு அதைத் தரைமட்டம் ஆக்கினார்கள்.

அவர்களுக்குக் கல், நம்மவர்களுக்கு?

செத்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அங்கே கல்லறை உண்டு. கல்லில் பெயரும் வெட்டி வைத்தார்கள். நம் பக்கம்? வெள்ளையத்தேவன், சுந்தரலிங்கம் என்று சிலர் பெயர் நிலைத்தது. மண் குழைத்துச் சுவர் எழுப்பியவன், வேல்கம்போடு மதில் உடைப்பில் நின்றவன் பெயரெல்லாம் எங்கே?

கோட்டை விழுந்த அன்று, காயம்பட்டுப் பிணங்களுக்கு நடுவே ஊமைத்துரை கிடந்தார். மகனைத் தேடி ஒரு தாய் வந்தாள். சாகக் கிடந்த மகன், தன்னை விட்டுவிட்டுச் சாமியைக் காப்பாற்றச் சொன்னானாம். துணியைப் போர்த்தி, அம்மை கண்டு செத்த பிள்ளை என்று ஒப்பாரி வைத்து, தேடி வந்தவர்களைப் பெண்கள் ஏமாற்றினார்கள். இதை எழுதி வைத்தவர் யார்? எதிர்ப்படை அதிகாரி வெல்ஷ்! அந்தத் தாயின் பெயரை அவரும் எழுதவில்லை.

என்ன செய்யலாம்?

வெள்ளைக்காரன் கல்லறைதானே என்று ஒதுக்க வேண்டாம். நம்மவர்கள் எப்படிச் சண்டை போட்டார்கள் என்பதற்கு அதுவும் சாட்சி. எழுத்து தேயும் முன் படம் எடுங்கள்.

மே மாதம் வீரசக்கதேவி கோயில் திருவிழாவுக்குச் சனம் திரளும். ஓட்டப்பிடாரம் வட்டாரப் பெரியவர்களும் வருவார்கள். பாட்டன், பூட்டன் சொன்ன பெயர்களை அவர்களிடம் கேட்டு, அரசு எழுதி வாங்கலாம். எந்தச் சாதி என்று பிரிக்காமல் அத்தனை பெயரையும் நினைவுக் கோட்டையில் வெட்டி வைக்கலாம்.

பொதுமக்களுக்கு ஒன்று. அடுத்த தடவை வேனை விட்டு இறங்கினால், நாலு எட்டு கூட நடங்கள். போட்டோவில் உங்கள் சிரித்த முகம் இருக்கட்டும். பின்னால் அந்த மண்ணும் இருக்கட்டும்!