வாக்கும் வேண்டும், சோதனையும் வேண்டும்!



போன ஐப்பசி மழையில் என் தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. ஆயா கோயிலுக்குப் போய்க் குறி கேட்டு வந்தாங்க. "ஆத்தா வாக்கு குடுத்துட்டா, மூணு நாள்ல இறங்கிடும்"னு சொன்னாங்க. நாங்களும் நம்பி இருந்துட்டோம். நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஆனால் பாப்பா வயிறு வலிக்குதுன்னு சுருண்டு படுத்துட்டா. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால், டெங்கு! டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தாம். வாக்கு பலித்தது என்று நாங்கள் சந்தோஷப்பட்ட அன்றைக்குத்தான் பாப்பா உயிருக்கே ஆபத்து. நல்லவேளை, பிழைத்தாள்.

அப்படியானால் தெய்வ வாக்கு பொய்யா? நான் அப்படிச் சொல்ல வரவில்லை.

நம்ம ஸ்ரீபெரும்புதூரில் 1017-ல் பிறந்தவர் இராமானுசர். அறிவதற்கு மூன்று வழி உண்டு என்றார் அவர். கண்ணால் காண்பது, ஊகித்து அறிவது, வேதத்தின் சொல். கடவுளை வெறும் ஊகத்தால் நிரூபிக்க முடியாது, வேதம் சொல்லித்தான் அறியணும் என்று ஸ்ரீபாஷ்யத்தில் வாதாடினார். அவ்வளவு பெரிய பக்தரே கண்ணையும் ஊகத்தையும் தள்ளிவிடவில்லையே! ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வழி என்றுதான் எனக்குப் புரிகிறது.

என் பெஞ்சில் ஒருத்தி வீட்டில் குர்ஆன், இன்னொருத்தி வீட்டில் பைபிள். எப்படி வாழணும், எதற்காக வாழணும் என்பதற்கு மூன்று வீட்டிலும் மூன்று நூல். ஆனால் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று பார்க்க மூன்று வீட்டிலும் ஒரே தெர்மாமீட்டர்தானே?

எங்கப்பா ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை செய்கிறார். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுவாங்க. மறுநாள் அதே மெஷினில் வரும் பாகத்தைக் கேஜ் வைத்து அளந்துதான் அனுப்புவாங்க. பொட்டு வைத்தோமே என்று அளக்காமல் விடுவதில்லை. அளக்கிறோமே என்று பொட்டையும் விடுவதில்லை.

போன மாசம் எனக்குக் காய்ச்சல். ஆயாவே சொன்னாங்க: "மொதல்ல ரத்தம் பாத்துட்டு வாடி, அப்புறம் திருநீறு பூசி விடறேன்."

இந்த வரிசைதான் சரி என்பது என் கருத்து. உங்கள் கருத்து என்ன? சிந்திப்போம்!

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி