தள்ளுபடி ஒன்றே விற்பனையாகுமா?

ஐயங்கார்குளத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் தறியை நம்பி வாழும் அன்பர்கள் சிந்திக்க வேண்டிய செய்தி இது. தேங்கிய சரக்கைத் தள்ளுபடியில் தீர்ப்பதே விற்பனை எனச் சங்கங்கள் பல எண்ணுகின்றன. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக்கு 30 சதவீதம் வரை தள்ளுபடி தருவதை வாங்குவோர் நன்கறிவர். ஆதலின் பண்டிகைக்குக் காத்திருக்கின்றனர். அதுவரை சங்கத்தின் முதல் அலமாரியில் உறங்கும். நெசவாளருக்குப் பாவும் ஊடையும் வழங்குவது தாமதப்படும்.

விலையில் விசைத்தறியோடு போட்டியிட்டு நாம் வெல்ல இயலாது. நமது பலம் கோர்வை. உடலுக்கொரு நாடா, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று, கூடவே துணைக்கு ஓர் ஆள்: இத்தனை உழைப்பும் சேலைக்குள் மறைந்து கிடக்கிறது. வாங்குவோர் அதனை அறியார். எடுத்துச் சொல்வாரும் அரியர். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிட்டிற்று. சேலையின்மேல் காணாத குறியீடு பதிவேட்டில் இருந்தென்ன பயன்?

சரிகையின் தரம், நெய்த நாட்கள், கோர்வையா அன்றா என்பவற்றைச் சீட்டில் அச்சிட்டுச் சேலையோடு இணைப்பது பெருஞ்செலவன்று. கலியாண வீட்டார் எந்நிறம் கேட்டு, கிடைக்காமல் திரும்பினர் என்பதையும் விற்பனையாளர் குறித்து வைக்கட்டும். (அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.) அடுத்த பாவு தறியேறுமுன் அக்குறிப்பு நெசவாளரிடம் சேர வேண்டும்.