வீடு காலி, உனக்கல்ல!

"வீடு வாடகைக்கு" என்று பலகை தொங்குகிறது. பார்க்கிறான் ஓர் இளைஞன். பட்டம் பெற்றவன், தியாகராய நகரிலே வேலை கிடைத்தவன், நாள்தோறும் கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலில் நெரிசலில் நசுங்கி வந்து அலுத்தவன். நம்பிக்கையோடு படியேறுகிறான்.

"தம்பிக்கு எந்த ஊர்?"

"விழுப்புரத்துப் பக்கம், ஐயா."

"ஊரிலே எந்தத் தெரு?"

சொல்கிறான்.

"அப்பா என்ன செய்கிறார்?"

"கூலி வேலை."

"குலதெய்வம் எது? வீட்டிலே கறி, மீன் சமைப்பதுண்டோ?"

"உண்டு, ஐயா."

"அடடா! நேற்றுத்தானே ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். பலகையைக் கழற்ற மறந்துவிட்டேன்!"

மறுநாளும் பலகை தொங்குகிறது. மறுவாரமும் தொங்குகிறது. வீடு காலிதான், இவனுக்கு மட்டும் காலியில்லை!

கேட்ட கேள்விகளிலே சாதி என்ற சொல் ஒருமுறையேனும் வந்ததா? வரவில்லை. ஆனால், சாதியைத் தவிர வேறெதையேனும் அவை தேடினவா? வாடகை தவறாமல் தருவாயா என்ற கேள்வியல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்? அது கடைசிவரை வரவேயில்லையே!

இந்த அவலம் எந்த மண்ணில் நடைபெறுகிறது என்பதைச் சற்றே எண்ணிப்பாருங்கள், தோழர்களே! தியாகராய நகர், நீதிக்கட்சி ஆட்சி நடந்த 1920-களில் உருவான நகர். ஊரின் பெயரிலே வெள்ளுடை வேந்தர் தியாகராயர்; பூங்காவின் பெயரிலே பனகல் அரசர்; சாலைகளின் பெயரிலே டாக்டர் நாயரும் உஸ்மானும்; கடைவீதியின் பெயரிலே சவுந்தரபாண்டியனார். சாதியின் செருக்கைச் சாடியவர்களின் பெயர்கள் தெருமுனைகளில். சாதியைத் துருவும் கேள்விகள் அதே தெருக்களின் வாசல்களில்! பெயரைக் கல்லிலே பொறித்தோம்; கொள்கையைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டோம்.

வாடகை வீட்டுச் சிக்கல் நமது இயக்கத்துக்குப் புதியதுமன்று. சென்னைக்குப் படிக்க வந்த பார்ப்பனரல்லாத மாணவர்களுக்குத் தங்க இடம் தர மறுத்தார்கள். அந்தக் கொடுமை கண்டு, 1916-இல் திருவல்லிக்கேணியில் டாக்டர் நடேசனார் 'திராவிடர் இல்லம்' என்னும் விடுதியைத் திறந்தார். நம் வரலாற்றின் தொடக்கப் பக்கங்களிலேயே, வீடு கிடைக்காதவனின் பெருமூச்சு இருக்கிறது! நூறாண்டுக்கு மேல் கடந்தும் அப்பெருமூச்சு ஓயவில்லையெனில், நாம் கொண்டாடும் வெற்றிவிழாக்களுக்கு என்ன பொருள்?

"வாடகை உயர்ந்துவிட்டது, அதற்குச் சாதி என்ன செய்யும்?" என்பார் சிலர். கணக்குப் பார்ப்போம். நகரின் நடுவே நூறு வீடுகள் காலியென்று வைத்துக்கொள்வோம். "சைவம் மட்டும்" என்று சில கதவுகள் சாத்தப்படுகின்றன. முஸ்லிம் என்றால் சில, தனித்து வாழும் பெண் என்றால் சில, சேரியிலிருந்து வந்தவன் என்றால் இன்னும் பல. எஞ்சுவது இருபதே வாசல்கள் என்றால், அந்த இருபதுக்கும் எத்தனை பேர் மோதுவார்கள்! கேட்ட வாடகை, கேட்ட முன்பணம். மாதம் பதினைந்தாயிரம் வாடகை, பத்து மாத முன்பணம் என்றால், ஒன்றரை இலட்சத்தை முதல் நாளே எண்ணிவைக்க வேண்டும். ஒடுக்கப்பட்டவன் மட்டமான வீட்டுக்கு மிகுந்த விலை தருகிறான். இல்லையேல் ஊருக்கு வெளியே ஓடுகிறான். சாதி அவமானத்தை மட்டுமா தருகிறது? மாதந்தோறும் வரியும் வசூலிக்கிறது!

"என் வீடு, என் விருப்பம்" என்பது அடுத்த வாதம். நீ குடியிருக்கும் வீட்டுக்குள் யாரை அழைப்பது என்பது உன் விருப்பம், மறுப்பாரில்லை. ஆனால், பலகை மாட்டி, விலை கூறி, பணம் பெற்று விடும் வீடு வணிகம். வணிகத்துக்கு வந்தபின் வருணம் எதற்கு? பேருந்தும்கூட ஒரு முதலாளியின் உடைமைதானே! அதில் தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுத்தார்கள் இராமநாதபுரம் மாவட்டத்திலே. மாவட்டக் கழகத் தலைவராயிருந்த சவுந்தரபாண்டியனார், அவர்களை ஏற்றியே ஆகவேண்டும் என்று ஆணையிட்டார். "என் வண்டி, என் விருப்பம்" என்ற பேச்சு அத்துடன் அடங்கிற்று. உணவு விடுதியும் ஒருவரின் உடைமைதான். 1957-இல் திருவல்லிக்கேணியில் 'பிராமணாள்' என்ற பலகையை எதிர்த்துப் பெரியார் கிளர்ச்சி நடத்தினார். தோழர்கள் அணியணியாய்ச் சிறை புகுந்தனர். விடுதி வாசலிலிருந்து இறங்கிய அந்தப் பலகை, இன்று 'சைவம் மட்டும்' என்று பெயர் மாற்றிக்கொண்டு வீட்டு வாசலில் ஏறியிருக்கிறது!

சட்டம் என்ன செய்கிறது? அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, கடையிலும் உணவு விடுதியிலும் சாதி, மத வேற்றுமை கூடாதென்கிறது. வாடகை வீட்டின் பெயர் அங்கே இல்லை. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், தீண்டாமையின் பேரால் ஒருவர் குடியிருப்பதைத் தடுப்பது குற்றம் என்கிறது. ஆனால், வீட்டுக்காரர் தீண்டாமையையா சொல்கிறார்? "முன்பணம் வாங்கிவிட்டேன்" என்றல்லவா சொல்கிறார்! தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்டு, 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படலாகாது என்கிறது. ஆனால், வேறு உடன்பாடு இருந்தால் அதன்படி என்றும் விட்டுவைத்திருக்கிறது. வீடின்றித் தவிப்பவன் எந்த உடன்பாட்டுக்குத்தான் தலையசைக்க மாட்டான்? முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்துவைத்த கதை இது!

ஆகவே கேட்கிறோம். சாதி, மதம், உணவு காட்டி வாடகை வீடு மறுப்பதைக் குற்றமென்று வாடகைச் சட்டத்திலேயே எழுதுக. மூன்று மாத வரம்பிலுள்ள ஓட்டையை அடைத்திடுக. நகரின் நடுவிலே உள்ள அரசு நிலத்தில், உழைப்போர்க்கு வாடகை வீடுகள் கட்டிடுக. கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏழையை அனுப்பிவிட்டு, அவன் உழைப்பை மட்டும் நகருக்குள் அழைப்பது நீதியாகாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். துருவிக் கேட்பவர் அனைவரும் அக்கிரகாரத்தார் அல்லர். நமது மேடையிலே கைதட்டியவர், நமது கொடியைத் தோளிலே சுமந்தவர், வீட்டு வாசலிலே நின்று, "ஊரிலே எந்தத் தெரு?" என்று கேட்கக் காண்கிறோம். ஊரார் வாசலைத் தட்டுமுன், இளைஞனே, உன் வீட்டு மாடியைப் பார். அங்கே பலகை தொங்குகிறதா? படியேறி வருபவனிடம் உன் தந்தை என்ன கேட்கிறார் என்று அருகில் நின்று கேள். அவர் ஊரைக் கேட்டால், தெருவைக் கேட்டால், நீ குறுக்கிட்டுச் சொல்: "வாடகை இவ்வளவு, ஐயா. எப்போது குடிவருகிறீர்கள்?"