ஊட்டும் கையும் உண்ணும் கையும்

ஆறு திங்கள் நிறைந்த குழவி, கூழ் நிறைந்த கரண்டியைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொள்கிறது, தலையைத் திருப்பிக்கொள்கிறது, வலிந்து உள்ளே இட்டதையும் நாவால் வெளியே தள்ளிவிடுகிறது. உடனே வீடு முழுதும் கலங்குகின்றது. பாட்டியார் வயிற்றில் மாந்தம் என்கிறார். அண்டை வீட்டார் கண்ணேறு என்கின்றனர். தந்தையார் கடைத்தெருவுக்கு ஓடித் தகரப்பெட்டி மாவொன்றை வாங்கி வருகிறார். மறுப்பது சிறு குழவி என்பதாலேயே அதன் மறுப்புக்குப் பொருள் இல்லை என்று முடிவு செய்துவிடுவது எத்துணைப் பெரிய அறியாமை!

இச்செயலுக்குத் தமிழில் 'சோறூட்டுதல்' என்று பெயர். மலையாளம் 'சோறூண்' என்னும் சொல்லை இன்றும் மங்காது காத்து வருகிறது. தமிழ்நாட்டிலோ 'அன்னப்பிராசனம்' என்று அழைப்பிதழ் அச்சிடுகின்றனர். படித்தவர் எனப்படுவோர் 'வீனிங்' என்கின்றனர். சொல்தானே, எதுவாயிருந்தால் என்ன என்று கேட்பாரும் உளர். சொல் மாறினால் செயலும் மாறும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அவ்வாங்கிலச் சொல் இற்றை வழக்கில் தாய்ப்பாலை விடுவித்தலையே முதற்பொருளாகக் குறிக்கும். அதனைக் கேட்டுப் பழகிய இளந்தாய், பாலை நிறுத்தினால்தான் பிள்ளை சோற்றுக்கு வரும் என்று நம்பி, பசியைக் காட்டி அதனைப் பணியவைக்க முயல்கிறாள். சோறூட்டுதல் என்பதோ பாலோடு சோற்றையும் சேர்ப்பது. ஒன்றைப் பறித்து மற்றொன்றைத் திணிப்பதன்று. முதல் 6 திங்கள் தாய்ப்பால் மட்டுமே. அதன்பின் உணவோடு 2 ஆண்டுகளும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதே உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரையறையும் ஆகும். அரசு ஏடுகளில் வழங்கும் 'இணை உணவு' என்னும் தொடர் இக்கருத்தைச் செவ்வையாகக் காட்டுகின்றது. அதனை வீடுதோறும் பரப்பினாலே பாதிக் குழப்பம் நீங்கும்.

பழந்தமிழர் இதனை எவ்வளவு நுட்பமாகக் கண்டிருந்தனர்! மக்கட்பேறு பற்றிப் பேசும் வள்ளுவர், பெற்றோர்க்கு அமிழ்தத்தைவிட இனிப்பது பிள்ளை தன் கையால் துழாவிய கூழ் என்றார். புறநானூற்றின் 188-ஆம் பாடலில் பாண்டியன் அறிவுடைநம்பி, நெய்ச்சோற்றை மேனியெங்கும் பூசிக்கொள்ளும் பிள்ளையைக் காட்டினான். இருவரும் கண்டு மகிழ்ந்தது உண்ணும் கையை. ஊட்டும் கையை அன்று. துழாவுதலும் சிந்துதலும் உண்ணக் கற்பதன் முதற்பாடம் என்பதை அரசனே அறிந்திருந்த நாட்டில், இன்று தரை அழுக்காகும், சட்டை கெடும் என்று குழவியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு வாயில் கரண்டியை நுழைக்கின்றனர்.

இதனை வெறும் பாட்டு என்று தள்ளுவார்க்கு மேலை நாட்டுச் சான்றும் உண்டு. அமெரிக்க மருத்துவர் கிளாரா தேவிசு அம்மையார் 1928-இலும் 1939-இலும் வெளியிட்ட ஆய்வு குழந்தை மருத்துவத்தில் பெயர்பெற்றது. தாய்ப்பாலோ புட்டிப்பாலோ அன்றி வேறொன்றும் உண்டறியாத 15 குழந்தைகளின் முன்னே கறி, முட்டை, தவசங்கள், காய், கனி, பால் என 30-க்கும் மேற்பட்ட எளிய உணவுகளுள் வேளைக்குச் சில, தனித்தனிக் கிண்ணங்களில் வைக்கப்பட்டன. செவிலியர் அருகில் வாய்திறவாது அமர்ந்திருப்பர். குழந்தை ஒன்றை நோக்கிக் கை நீட்டினால் மட்டும் எடுத்துக் கொடுப்பர். 'உண்' என்று வற்புறுத்தலும் கூடாது, 'நன்று' என்று பாராட்டலும் கூடாது. தொடக்கத்தில் அக்குழந்தைகள் கிண்ணத்தையும் கடித்தன, தட்டையும் கடித்தன. சின்னாளில் தத்தமக்கு வேண்டியதைத் தேர்ந்துகொண்டன. ஒன்றன் தேர்வு மற்றொன்றன் தேர்வை ஒத்திருக்கவில்லை. எனினும் அனைத்தும் நன்கு வளர்ந்தன. என்பு மெலிவு நோயோடு வந்த ஒரு குழந்தை, மீன் எண்ணெயைத் தானே விரும்பிக் குடித்து, நோய் தீர்ந்ததும் அதனைத் தொடுவதை விட்டுவிட்டதாம்! ஆயினும் இவ்வாய்வில் ஒரு நுட்பம் இருக்கின்றது. அக்கிண்ணங்களுள் ஒன்றிலும் சருக்கரை இல்லை. ஆலை மாவு இல்லை. குழவியின் பசியை நம்பியிருந்தனர். ஆனால் அதன் முன் வைப்பதைப் பெரியவர்களே தெரிந்தெடுத்தனர்.

மறுப்புக்குரிய கரணியங்கள் பெரும்பாலும் எளியவையே. இளங்குழவிக்கு எதையும் நாவால் வெளித்தள்ளும் இயல்பு உண்டு. மூச்சுக்குழல் அடைபடாமல் காக்கும் இயற்கைக் காவல் அது. 4 முதல் 6 திங்களுக்குள் அது தளரும். கழுத்து நிற்கும், சாய்த்து வைத்தால் உட்காரும், பிறர் தட்டை நோக்கிக் கை நீளும். இவை தோன்றுமுன் ஊட்டத் தொடங்கிவிட்டுப் பிள்ளை உண்ணவில்லை என்று வருந்துவது, நிற்கத் தெரியாத பிள்ளையை ஓடவில்லை என்று கடிந்துகொள்வது போலாம்.

அதனினும் பெரிய கரணியம் கூழின் பதம். எட்டுத் திங்கள் குழவியின் வயிறு ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி லிட்டர் வரையே கொள்ளும். தாய்ப்பாலுக்கு மேல் நாளொன்றுக்கு அதற்கு 6 முதல் 8 திங்களில் 200 கிலோ கலோரியும், 9 முதல் 11 திங்களில் 300-உம், ஓராண்டு கடந்தால் 550-உம் உணவால் வரவேண்டும். நீர்த்த கஞ்சியால் வயிறு நிறையும், உடல் தேறாது. கெட்டியாய்க் காய்ச்சினாலோ பசைபோல் ஒட்டும். பல்லில்லா வாய் அதனைத் தள்ளிவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே வழி கண்டது தமிழ்ப் பெண்டிரின் அடுக்களை. கேழ்வரகை ஊறவைத்துத் துணியில் கட்டி, முளைவிட்டபின் உலர்த்தி, இளஞ்சூட்டில் வறுத்து அரைத்து வைப்பர். முளையில் உண்டாகும் நொதி மாப்பொருளை உடைத்துக் கூழை இளக்கும். ஆகவே அதே நெகிழ்ச்சியில் மிகுந்த மாவைச் சேர்க்கலாம். சிறு வயிற்றில் நிறைந்த ஊட்டம் அடங்கும். 1980-களின் தொடக்கத்தில் மைசூரிலுள்ள நடுவண் உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தார், முளைக் கேழ்வரகையும் முளைப் பாசிப்பயற்றையும் சேர்த்து இவ்வகைக் குழவியுணவை ஆய்ந்து வெளியிட்டனர். நொதி என்னும் சொல்லை அறியாமலே நம் பாட்டிமார் செய்துவந்ததைத்தான் அவ்வறிஞர்கள் அளந்து காட்டினர் என்க.

எனினும் பழம்பெருமையில் மயங்கிக் கேழ்வரகு ஒன்றே போதும் என்பதும் பிழை. அதன் 100 கிராமில் 340 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்பு ஊட்டம் உண்டு. அதிலுள்ள இரும்போ உடலில் எளிதிற் சேர்வதன்று. தாய்ப்பாலிலும் இரும்பு மிகக் குறைவு. கருவிலிருந்து கொண்டுவந்த இருப்பு 6 திங்களையொட்டித் தீரத் தொடங்குகிறது. இரும்பு குறைந்தால் பசி மங்கும். பசி மங்கினால் இரும்பு மேலும் குறையும். முட்டையும் மீனும் வேகவைத்து மசித்த ஈரலும் கீரையும் இதற்காகவே வேண்டும். ஆம்பூர் என்றதும் நாடெங்கும் பிரியாணியை நினைக்கின்றனர். அவ்வூர்ப் பெரியவர் தட்டிலெல்லாம் கறித்துண்டு விழுகையில், அது மிகவும் தேவைப்படும் குழவிக்குப் பருப்புத் தண்ணீரைத் தெளித்துவிடுவது என்ன முறையோ! இந்தியாவில் 6 முதல் 23 திங்கள் வரையுள்ள குழந்தைகளுள் போதிய வகையும் அளவும் உடைய உணவு பெறுவோர் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேரே என்று 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது.

ஒரு முறை துப்பியதைப் பிடிக்காத உணவென்று ஒதுக்குவதும் வேண்டா. எட்டு, பத்து முறை சிறிதுசிறிதாய்க் காட்டிய பின்னரே பல குழவிகள் ஒரு புதுச் சுவையை ஏற்கின்றன. ஒன்பது, பத்துத் திங்களுக்குள் மசியாத சிறு கட்டிகளும் வாய்க்குப் பழகவேண்டும். தேன் மட்டும் ஓராண்டு நிறையும்வரை ஆகாது. குழவியின் குடலில் நஞ்சு விளைக்கும் நுண்ணுயிரின் விதை அதில் இருக்கக்கூடும்.

அமிர்தி என்னும் ஊர் இங்கே நினைவுக்கு வருகிறது. வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில், சவ்வாது மலையடியில், நாகநதியை ஒட்டி அமைந்தது அது. அமிழ்தை நினைவூட்டும் பெயர்! விடுமுறை நாளில் அங்குள்ள விலங்குப் பூங்காவைக் காண வேலூரிலிருந்தும் தோல் தொழில் ஊர்களிலிருந்தும் குடும்பங்கள் கட்டுச்சோற்றோடு வருகின்றன. பெரியவர்க்குப் புளிச்சோறு, குழவிக்கோ தகரப்பெட்டி மாவு. தலைக்குமேல் நிற்கும் மலையில் சாமையும் கேழ்வரகும் விளைகின்றன. அவற்றை விட்டுவிட்டு, எங்கோ ஓர் ஆலையில் அரைத்த மாவைக் கரைத்து ஊட்டுகின்றனர். அம்மாவில் இருப்பதுதான் என்ன? சுவிச்சர்லாந்தைச் சேர்ந்த 'பப்ளிக் ஐ' என்னும் அமைப்பு 2024 ஏப்பிரலில் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் விற்கப்பட்ட நெசுலே நிறுவனத்தின் செரலாக்கு மாவில் ஒரு வேளைக்குச் சராசரி 2.7 கிராம் சருக்கரை சேர்க்கப்பட்டிருந்ததாகக் காட்டியது. செருமனியிலும் இங்கிலாந்திலும் ஆறு திங்கள் குழவிக்கு அந்நிறுவனம் விற்ற அத்தகைய மாவில் சேர்த்த சருக்கரை இல்லை! நாட்டுச் சட்டத்தை மீறவில்லை என்று அந்நிறுவனம் விடையிறுத்தது. அதே ஆண்டு இறுதிக்குள் சருக்கரை சேர்க்காத வகைகளையும் அறிவித்தது. அறிக்கை வருமுன் ஏன் தோன்றவில்லை அவ்வெண்ணம்? இனிப்பில் முதற்பாடம் கற்ற நாவுக்குக் கூழ் கசக்காமல் என்ன செய்யும்? இரண்டு அகவைக்குட்பட்ட குழந்தைகளின் ஆலையுணவுக்கு விளம்பரம் செய்யலாகாது என 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003-ஆம் ஆண்டுத் திருத்தமும் தடுத்துள்ளன. எனினும் வாயில் வழங்கும் பெயரே விளம்பரமாகிவிட்டது. குழவியுணவு எதுவாயினும் 'செரலாக்கு' என்றே சொல்லப் பழகிவிட்டனர் நம்மவர்.

இன்னொரு புதுமை கைப்பேசி. அதனைக் கண்முன் ஒளிரவிட்டு, குழவி வாய்பிளந்து பார்க்கும் நேரத்தில் உருண்டையைத் தள்ளுகின்றனர். நிலாவைக் காட்டி ஊட்டியதும் இதுதானே என்பர். அன்று, நிலாவைத் தாயும் பிள்ளையும் சேர்ந்து பார்த்தனர், இடையே பேச்சு இருந்தது, வயிறு நிறைந்ததும் பிள்ளை சொல்ல இடமிருந்தது. கைப்பேசியின் முன் பசியும் தெரிவதில்லை, நிறைவும் தெரிவதில்லை.

போதுமா என்பதைத் துலாக்கோல் சொல்லும். 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 6 முதல் 36 திங்கள் வரையுள்ள குழந்தைகளைத் திங்கள்தோறும் நிறுத்துப் பார்த்தது இதற்காகவே. எடைக்கோடு ஏறுமுகமாயிருப்பின் இரண்டு கரண்டி குறைந்ததற்கு அஞ்ச வேண்டுவதில்லை. எடை நின்றாலோ, விழுங்கும்போதெல்லாம் இருமினாலோ, ஓயாது கக்கினாலோ மருத்துவரிடம் செல்லத் தாழ்த்தலாகாது. குழவியின் கையையும் ஊட்டுவார் கையையும் கழுவுவதும், நீரைக் காய்ச்சுவதும் சிறு செயல்கள் அல்ல. 2009 முதல் 8 நாடுகளில் நடந்த ஒரு பேராய்வில் வேலூரும் ஓரிடம். கழிச்சல் வெளிப்படாத குழந்தைகளிடத்தும், குடலில் நோய்நுண்மங்கள் தங்கியிருந்தால் வளர்ச்சி குன்றியதை அவ்வாய்வு காட்டியது.

இவ்வளவும் சொல்லி முடித்தபின் ஒரு வினா எஞ்சுகிறது. பொறுமையாய் அமர்ந்து ஊட்ட அத்தாய்க்கு நேரம் எங்கே? ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைக் காலணித் தொழிலகங்களில் தையல் வேலை பெரும்பாலும் பெண்கள் கையில் உள்ளது. 2017-இல் திருத்தப்பட்ட பேறுகாலச் சட்டம் விடுப்பை 26 கிழமையாக்கியது. 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்திலும் அளவு அதுவே. நல்ல சட்டந்தான். ஆனால் 26 கிழமை என்பது ஆறு திங்கள். கூழ் தொடங்கவேண்டிய அதே கிழமையில் தாய் ஆலைக்குத் திரும்புகிறாள்! பேற்றுக்கு முன்னரே 8 கிழமை எடுத்துக்கொண்டவளுக்கு மீதி 18 கிழமையே. இரு குழந்தைகளுக்குமேல் பெறுபவளுக்கு மொத்தமே 12 கிழமை. ஊர்தி வரும் விடியலுக்குள் ஊட்டி முடிக்கவேண்டியவள் குழவியின் மூக்கைப் பிடித்து ஊற்றினால், பழி அவள்மேல் மட்டுமா?

ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும். தாய் நாளுக்கு நான்கு முறை சென்று காணலாம். 15 திங்கள் வரை பாலூட்ட இரு இடைவேளைகள் உண்டு. இவையெல்லாம் சட்டத்தில் உள்ளவை. தொழிற்சங்கங்கள் கூலிக்குப் போராடும்போது இதனையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும். காப்பகம் என்று பலகை மாட்டிய பூட்டிய அறையன்று வேண்டுவது. கழுவிய தரை, காய்ச்சிய நீர், முளைக் கேழ்வரகுக் கூழ், துழாவ ஒரு தட்டு, அருகில் இருந்து பார்க்கும் தாய்க்குக் கூலி வெட்டாத அரைமணி நேரம். வீட்டிலேயே அமர்ந்து உருப்படிக் கூலிக்குக் காலணியின் மேற்பகுதியைத் தைக்கும் பெண்டிர்க்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. தைக்கும் தோலுக்கும் ஊசிக்கும் அருகிலேயே தவழ்கின்றன அவர்தம் பிள்ளைகள். அவ்வீட்டு ஆடவர் கரண்டியைக் கையில் எடுத்தால், அந்த அரைமணியேனும் அக்குழவிக்குக் கிடைக்கும்.