குடிக்கொரு மின்மானி

ஊவாத் தோட்டங்களிலிருந்து பதுளைக்கு வந்து வாடகை வீடுகளில் ஒண்டிக் குடியிருப்போர் மின் பட்டியலைக் கண்டு திகைக்கும்போது, ‘விளக்கை அணையுங்கள்’ என்று உபதேசிப்பது எளிது. 2022 ஆகஸ்ட்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறியது. பின்னர் சில தடவை குறைந்ததும் உண்டு. ஆனால் இவர்களை வாட்டுவது வேறொரு கணக்கு. மாதத்தில் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகுக்கே விலை கூடிவிடும். தலா 40 அலகே செலவிடும் மூன்று குடும்பங்கள் ஒரே மின்மானியில் சேர்ந்தால், 120 அலகு செலவிடும் ஒரே வீடாகவே எண்ணப்படுகின்றன. சிக்கனமாய் வாழ்ந்தும் செல்வந்தர் விலை! இது நீதியாகுமா? வாடகை பெறுவோர் குடிக்கொரு மானிக்கு இசைய வேண்டும். மின் விநியோகத்தாரும் அதனை எளிதாக்க வேண்டும். விளக்கை அணைக்குமுன் கணக்கைத் திருத்துவோம்.