மணி அடித்த பிறகு?

நண்பகல் மணி அடிக்கிறது. தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் ஓடி வருகிறார்கள். தாழ்வாரத்திலே நீண்ட வரிசை. நிலம் உடையவரின் பிள்ளை, அந்த நிலத்திலே கூலிக்குக் களை எடுப்பவரின் பிள்ளை, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்ட பெற்றோரை எண்ணி ஏங்கிப் பாட்டி வீட்டிலே வளரும் பிள்ளை, எல்லோரும் தோளோடு தோள் உரச உட்காருகிறார்கள். ஒரே அண்டாவிலிருந்து சோறு, ஒரே வாளியிலிருந்து சாம்பார், ஆளுக்கொரு முட்டை. யார் எந்தத் தெரு என்று சோறு கேட்பதில்லை. சோறு போடும் கையும் கேட்பதில்லை. சமபந்தி என்று மேடைகளிலே முழங்குகிறோமே, அது இங்கே முழக்கமின்றி நாள்தோறும் நடைபெறுகிறது.

மாலை மணி அடிக்கிறது. பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை ஒன்றாக வருகிறார்கள். வாசலில் பாதை இரண்டாகப் பிரிகிறது. இடப்புறம் ஊர், வலப்புறம் காலனி. பந்தியிலே ஒன்றாயிருந்தவர்கள் பாதையிலே இரண்டாகிவிடுகிறார்கள்.

இந்தக் காட்சியை நான் காண்பது தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலே, கத்தோலிக்கத் திருச்சபை நடத்தும் தொடக்கப் பள்ளியிலே. அங்கே நான் ஆசிரியன்.

"கடவுள் இல்லை என்பவனுக்குச் சாமியார் பள்ளியிலே என்ன வேலை?" என்று தோழர்கள் கேட்கிறார்கள். "கறுப்புச் சட்டைக்காரருக்குச் சிலுவை நிழலிலே சம்பளமா?" என்று கேலி பேசுகிறார்கள். கேலிக்குக் கோபப்படும் வயதுதான் எனக்கு. ஆயினும் கோபத்தை ஒதுக்கி விடை கூறுகிறேன். ஒரு பள்ளியைக் கூரைமேல் நிற்கும் சிலுவையைக் கொண்டு அளக்காதீர்கள். கூரையின்கீழ் இருக்கும் பலகையைக் கொண்டு அளந்து பாருங்கள். அந்தப் பலகையிலே யார் யாரோடு உட்காருகிறார்கள், அங்கே கற்றது வாசலைத் தாண்டி வீதிக்கு வருகிறதா, இந்த இரண்டு கேள்விகள் போதும். முதற் கேள்விக்கு எங்கள் பள்ளி நிமிர்ந்து நின்று விடை சொல்லும். இரண்டாவது கேள்விக்குத் தலை குனியும். அதனோடு சேர்ந்து நாமும் தலை குனிய வேண்டியவர்களே!

முதலில், கத்தோலிக்கப் பள்ளி என்றதுமே "மதமாற்றம்! மதமாற்றம்!" என்று கூவுகின்ற கூட்டத்திற்கு ஒரு சொல்.

ஐயன்மீர்! பல நூறு ஆண்டுக்காலம் இந்த மண்ணிலே ஏடு இருந்தது, எழுத்தாணி இருந்தது, ஆசான் இருந்தார். இருந்தும், உழைத்தவன் வீட்டுப் பிள்ளைக்கு ஓரெழுத்தேனும் உண்டா? "உனக்கெதற்குப் படிப்பு?" என்று கேட்டவர் யார்? கதவைச் சாத்தி வைத்தவர்கள், வேறொருவர் வந்து திறந்ததும் "ஐயோ, திருடன்!" என்று அலறுவது என்ன நியாயம்? 1953இல் ராஜாஜி அரை நாள் படிப்பு, மறு பாதி நாள் அப்பன் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தாரே, அதைக் குலக்கல்வி என்று அடையாளம் காட்டி எதிர்த்தது நமது இயக்கம். 1954இல் காமராசர் அதனைக் கைவிட்டார். பிள்ளையின் கையிலிருந்து பலகையைப் பறிக்கப் பார்த்தது பாதிரியா? இல்லையே!

2002இல் மதமாற்றத் தடைச் சட்டம் என்று ஒன்று வந்தது, 2004இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. இவர்கள் எழுப்பும் அச்சத்திற்கு அடிப்படை உண்டா என்று கணக்கைப் பாருங்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலே கிறித்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேர். தருமபுரியிலோ அந்த அளவுகூட இல்லை. அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் கூறுகிறது. எழுத்தறிவிலே தமிழ்நாடு நூற்றுக்கு எண்பது, தருமபுரி அறுபத்தெட்டரை. மாநிலத்திலேயே கடைசி இடம்! வேதம் நுழைந்துவிடும் என்று வெகுண்டெழுகின்றவர்கள், எழுத்து நுழையவில்லையே என்று ஒரு நாளாவது ஏங்கியதுண்டா?

எங்கள் முதல் வகுப்புப் பிள்ளையின் பலகையைப் பாருங்கள். 'ஏ' என்று எழுதுகிறான், 'ஓ' என்று எழுதுகிறான். குறிலையும் நெடிலையும் வடிவத்தால் பிரித்துக் காட்டும் இந்தச் சீர்திருத்தம், இத்தாலியிலிருந்து வந்த கத்தோலிக்கப் பாதிரி வீரமாமுனிவரின் பெயரோடு இணைந்தது. அடுத்த வரியிலே 'லை' என்றும் 'றா' என்றும் எழுதுகிறான். அது கடவுளை மறுத்த பெரியார் வகுத்துத் தந்த வடிவம். 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது. ஒரே பலகையிலே பாதிரியும் இருக்கிறார், பெரியாரும் இருக்கிறார்! பிள்ளைக்கு இருவரையும் தெரியாது, எழுத்துத் தெரிகிறது. நன்மை எங்கிருந்து வந்தாலும் ஏற்பதுதான் பகுத்தறிவு. தமிழ் எழுத்து அச்சேறிய முதல் நூல்களுள் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்திலே கத்தோலிக்கத் துறவி ஒருவரின் முயற்சியால் வந்தது என்பதை மறைத்துவிட்டு நாம் பெறப்போவது எதுவுமில்லை.

ஆனால், நன்றி கூறுவது வேறு. நாவை அடகு வைப்பது வேறு. ஆகவே, இரண்டாவதாகத் திருச்சபையாருக்கு ஒரு சொல்.

சென்ற ஆண்டு நான்காம் வகுப்பிலே இரண்டு சிறுமிகள். இணைபிரியாத தோழியர். ஒருத்தி ஊர், மற்றொருத்தி காலனி. இருவரும் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள். ஒரே நாளில் வெள்ளை உடை உடுத்தி, ஒரே பீடத்தின்முன் மண்டியிட்டு, ஒரே குருவின் கையிலிருந்து புதுநன்மை வாங்கியவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலனிச் சிறுமி, தோழியின் வீட்டிற்கு விளையாடச் சென்றிருக்கிறாள். தாகம் எடுத்தது. தண்ணீர் கேட்டாள். மறுநாள் என்னிடம் வந்து நின்றாள்.

"சார், பள்ளிக்கூடத்துல நாங்க ரெண்டு பேரும் ஒரே டம்ளர்லதான குடிக்கிறோம்? அவங்க வீட்டுல அவளுக்குச் சொம்புல குடுத்தாங்க. எனக்கு மட்டும் ஏன் சார் பேப்பர் கப்புல குடுத்தாங்க? குடிச்சதும் வெளிய போட்டுடச் சொன்னாங்க."

ஒன்பது வயதுப் பெண்ணின் கேள்வி! நான் பட்டம் பெற்றவன். மேடையேறிப் பேசிப் பழகியவன். சாதியின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி ஒரு மணி நேரம் முழங்கக் கூடியவன். அந்தப் பெண்ணுக்கு என்ன சொன்னேன் தெரியுமா? "போம்மா, போய்க் கையெழுத்துப் பயிற்சி எழுது" என்று சொன்னேன். அவள் போய் எழுதினாள். அன்று தோற்றது அவளல்ல, நான்.

அந்த வீட்டுச் சுவரிலே இயேசுவின் படம் இருக்கிறது. இவள் வீட்டுச் சுவரிலும் அதே படம். தாகமாயிருந்தேன், தண்ணீர் கொடுத்தீர்கள் என்று தம் ஆண்டவர் கூறியதாகப் பிரசங்கம் கேட்டவர்கள்தாம் இரு வீட்டாரும். தண்ணீர் கொடுத்தார்கள், உண்மை. எதிலே கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி!

இது எங்கிருந்து வந்தது? 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி, துறவிக் கோலம் பூண்டு, மேற்சாதியாரோடு பழகும் வழியைத் தேர்ந்தெடுத்தார். சேலம் பகுதிக்கு அவர் பயணப்பட்டது 1623இல். அதே ஆண்டில், குடுமியும் பூணூலும் தரித்தபடியே கிறித்தவராய் இருக்கலாம் என்று ரோமாபுரியிலிருந்து அனுமதியும் வந்தது. விதை அன்றே ஊன்றப்பட்டது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்திலே, சாதிக்கொரு பக்கமாய்ப் பிரித்துக் கோயிலையே இரு கூடங்களாகக் கட்டினார்கள். திருச்சியிலே கத்தோலிக்கர் கல்லறைத் தோட்டத்திலே பிணங்களுக்கு நடுவே சுவர் எழுந்தது. செத்த பின்னும் சாதி! இது நாத்திகன் கட்டிய கதையல்ல. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையிலே, திருச்சபைக்குள் தீண்டாமை உண்டு என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதற்குப் பாராட்டு. ஒப்புக்கொண்டால் மட்டும் போதுமா?

இன்னொரு கொடுமையையும் கேளுங்கள். 1950இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணைப்படி, பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கு மட்டும். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது விரிந்தது, கிறித்தவருக்கு இல்லை. ஆதலால் அந்தச் சிறுமி தமிழ்நாட்டிலே பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலே வைக்கப்படுகிறாள். குவளை கொடுப்பவருக்கு அவள் தாழ்த்தப்பட்டவள். சான்றிதழ் கொடுப்பவருக்கு அவள் தாழ்த்தப்பட்டவள் அல்லள்! இந்த ஆணையைத் திருத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. டெல்லியை நோக்கி இந்த நீதியைக் கேட்கும் திருச்சபை, தன் மக்களின் சமையலறையை நோக்கியும் அதே நீதியைக் கேட்க வேண்டாமா?

"எங்கள் பள்ளி, எங்கள் கோயில்; கேட்க நீ யார்?" என்று சிலர் சீறலாம். கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நிலமும் கட்டடமும் திருச்சபை தந்தது, மறுக்கவில்லை. ஆனால் அரசு உதவி பெறும் பள்ளியிலே ஆசிரியருக்குச் சம்பளம் தருவது மக்களின் வரிப்பணம். தட்டிலே விழும் சோற்றுக்கோ நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. 1920இல் நீதிக்கட்சியின் தியாகராயர் சென்னை மாநகராட்சிப் பள்ளியிலே தொடங்கினார். 1956இல் காமராசர் மாநிலமெங்கும் பரப்பினார். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக்கினார். 1989இல் கலைஞர் முட்டையைச் சேர்த்தார். 2022இல் காலை உணவு வந்தது. அந்தக் காலை உணவு 2024 சூலை 15 அன்று ஊர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிந்தபோது, தொடக்க விழா நடைபெற்ற இடம் எது? திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியிலுள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளி! 2025இல் நகர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிந்தபோதும் மயிலாப்பூரிலே ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியிலேதான் தொடங்கிற்று. கூரை அவர்களுடையது, சோறு நம் எல்லோருடையது. ஆகவே பந்தியும் நம் எல்லோருடையது.

அதே உரிமையோடு மற்றொன்றும் கேட்கிறேன். காலை வழிபாட்டிலே நூறு பிள்ளைகள் கை கூப்புகிறார்கள். அவர்களுள் கத்தோலிக்கர் சிலரே. அரசியல் சட்டத்தின் 28ஆவது பிரிவு, அரசின் உதவி பெறும் பள்ளியிலே பெற்றோரின் ஒப்புதலின்றி எந்தப் பிள்ளையையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ ஈடுபடுத்தலாகாது என்கிறது. எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்? தெரியச் செய்வது பள்ளியின் கடமையல்லவா? செபம் சொல்ல விரும்பும் பிள்ளை சொல்லட்டும். விரும்பாத பிள்ளை நாணாமல் ஒதுங்கி நிற்கட்டும். எல்லோரும் சேர்ந்து சொல்வதற்கு அரசியல் சட்டத்தின் முகப்புரை இருக்கிறது. அதிலே சமத்துவம் என்றும் உடன்பிறப்புணர்வு என்றும் எழுதியிருக்கிறது.

கடைசியாக, தோழர்களே, நமக்கு ஒரு சொல்.

பாதிரியாரைக் கேட்டாயிற்று, பக்தர்களைக் கேட்டாயிற்று. நம்மைக் கேட்பவர் யார்? நம்மிலே எத்தனை பேர், பந்தியிலே எல்லோரும் அமரும் பள்ளியை விட்டுவிட்டு, பணம் கட்டியவர் மட்டும் அமரும் பள்ளிக்குத் தம் பிள்ளைகளை வண்டியேற்றி அனுப்புகிறோம்? சமத்துவம் ஊரார் பிள்ளைக்கு. சலுகை நம் பிள்ளைக்கா?

2012 நவம்பர் 7ஆம் நாளை மறந்துவிட்டோமா? சாதி கடந்த ஒரு திருமணத்தைக் காரணம் காட்டி, இதே தருமபுரி மாவட்டத்து நத்தத்திலும் அண்ணாநகரிலும் கொண்டம்பட்டியிலும் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடித் தீயிட்டார்கள். தீ வைத்த கைகளும் ஒரு காலத்திலே பலகை பிடித்த கைகள்தாமே! அந்தக் கும்பலிலே இருந்தவர்களும் ஏதோவொரு பள்ளியிலே, ஏதோவொரு பந்தியிலே, எல்லோரோடும் சேர்ந்து உண்டவர்கள்தாமே! பள்ளி ஐந்தாண்டு சொல்லிக்கொடுத்ததை ஊர் ஒரே இரவிலே அழித்துவிட்டது. மணி அடித்த பிறகு பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதை எண்ணாத கல்வியின் கதி அதுதான்.

ஆகவே, வேலை பள்ளி வாசலுக்கு வெளியே இருக்கிறது. திருச்சபையார், திருவிழாத் தேர் எந்தத் தெருவுக்குப் போகிறது, எந்தத் தெருவுக்குப் போகவில்லை என்று பார்க்கட்டும். கல்லறைத் தோட்டத்திலே யாருக்கு எந்த மூலை என்று பார்க்கட்டும். காகிதக் குவளையைப் பாவம் என்று பிரசங்க மேடையிலே பெயர் சொல்லிக் கண்டிக்கட்டும். ஆசிரியர்கள், பெற்றோர் கூட்டத்தை ஒரு முறை பள்ளியிலும், மறு முறை காலனியிலும் கூட்டட்டும். நமது இளைஞர்கள், மாலை நேரத்திலே ஊருக்கும் காலனிக்கும் பொதுவான இடத்திலே படிப்பகம் ஒன்று நடத்தட்டும். ஒரு விளக்கு, ஒரு பாய், சில நூல்கள், ஒரு பானைத் தண்ணீர், ஒரே குவளை. இதற்குக் கோடி வேண்டாம். கொள்கை இருந்தால் போதும்.

எங்கள் ஊரிலே தொடங்கிவிட்டோம். முதல் மாலை பதினோரு பிள்ளைகள் வந்தார்கள். காலனியிலிருந்து ஒன்பது, ஊரிலிருந்து இரண்டு. அந்த இருவரிலே ஒருத்தி, செம்பிலே தண்ணீர் குடித்த வீட்டுச் சிறுமி. வந்தவள் பானையருகே சென்று, குவளையிலே மொண்டு, முதலில் தன் தோழியிடம் நீட்டினாள். நான் கையெழுத்துப் பயிற்சிக்கு அனுப்பி வைத்த கேள்விக்கு அந்தப் பெண் விடை எழுதிவிட்டாள்.

பெரியவர்கள் நாம் எப்போது எழுதப் போகிறோம்?