மூக்கு தாழ்ந்த தேஜஸ்

கடற்படைக்கென்று செய்யப்பட்ட தேஜஸ் விமானங்களில் முதலில் பறந்தவை இரண்டு. முதலாவது என்.பி.1, இருவர் அமரக்கூடியது. அடுத்தது என்.பி.2, ஒருவருக்கானது. இரண்டும் முன்மாதிரிகள். இவற்றைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கப்பலுக்கு வேண்டிய விமானங்களை வரிசையாகச் செய்துவிடலாம் என்றுதான் 2003-இல் இந்தத் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. வரிசை வரவில்லை, முன்மாதிரிகளோடு நின்றுவிட்டது.

விமானப்படைத் தேஜஸின் கதை வேறு. 2018-இல் 45ஆவது ஸ்குவாட்ரன் சூலூருக்கு வந்தது. அன்றுமுதல் கோவைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதன் சத்தமே அடையாளம். பிளாஸ்டிக் கிட்டாகக் கையில் கிடைப்பதும் அந்த விமானப்படைத் தேஜஸ்தான். கடற்படைத் தேஜஸ் வேண்டுமென்றால் கிட்டை அறுத்து, ஒட்டி, தேய்த்து நாமே செய்துகொள்ள வேண்டும். மாடல் செய்கிறவர்கள் இதைக் கன்வர்ஷன் என்பார்கள். இந்த மழைக்காலம் முழுக்கப் பீர்மேட்டில் என் மேசையில் நடப்பது அதுதான்: 72-இல் ஒரு பங்கு அளவிலான ஒற்றை இருக்கைத் தேஜஸை என்.பி.1 ஆக மாற்றும் வேலை.

பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி பள்ளியில் என்.சி.சி.யில் இருக்கிறாள். சாயங்காலம் வந்து மேசைக்கு எதிரே உட்கார்ந்துவிடுவாள். முதல் நாளே கேட்டாள்: “மாமா, ரெண்டும் தேஜஸ்தானே? பெயிண்ட்ட மாத்துனா போதாதா?” நியாயமான கேள்வி. தரையில் இறங்கும் விமானத்துக்கும் கப்பலில் இறங்கும் விமானத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. வாயால் சொல்வதைவிட வெட்டிக் காட்டுவது மேல் என்று அவளையும் வேலையில் சேர்த்துக்கொண்டேன்.

முதலில் மூக்கு. தேஜஸுக்கு வாலில் கிடைச் சிறகு கிடையாது. இருப்பது முக்கோண இறக்கை. அப்படிப்பட்ட விமானம் வேகத்தைக் குறைத்து இறங்க வேண்டுமானால் மூக்கை நன்றாகத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். நீளமான ஓடுதளம் காத்திருக்கும்போது அதில் பெரிய சிரமம் இல்லை. கடலில் அசைந்துகொண்டிருக்கும் கப்பலின் தளம் தூக்கிய மூக்குக்குப் பின்னால் மறைந்துபோனால் விமானி எதைப் பார்த்து இறங்குவார்? அதனால் கடற்படைத் தேஜஸின் மூக்கைக் கீழ்நோக்கிச் சாய்த்தார்கள். மாடலில் அதற்கு ஒரே வழி, காக்பிட்டுக்கு முன்னால் மெல்லிய ரம்பத்தால் அறுப்பது. அடிப்பக்கத்தில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு மூக்கைக் கீழே வளைத்து ஒட்ட வேண்டும். மேலே விழும் பிளவை எபாக்ஸி புட்டியால் நிரப்பி, காய்ந்ததும் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். எவ்வளவு அறுப்பது என்பதற்குப் புகைப்படங்கள்தான் துணை. பக்கவாட்டில் எடுத்த படத்தில் தெரிந்த ஓர் அளவைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கணக்கிட வேண்டும். 13.2 மீட்டர் நீள விமானம் இந்த அளவில் 18 சென்டிமீட்டர் சொச்சம். கையில் 1 மில்லிமீட்டர் பிசகினால் நிஜத்தில் 7 சென்டிமீட்டருக்கு மேல் பிசகு. படத்தை அத்தனை உற்றுப் பார்த்தால்தான் அந்த மூக்கு எப்படி, எங்கிருந்து சாய்கிறது என்பதே புரிகிறது.

அடுத்தது லெவ்கான். இறக்கை உடலோடு சேரும் இடத்தில், முன்விளிம்பில், அசையக்கூடிய ஒரு சிறு பரப்பு. மூக்கைத் தூக்கி மெதுவாக வரும்போது காற்றைச் சுழலாக்கி இறக்கையின் மேல் அனுப்பும், தூக்குவிசை கூடும், இறங்கும் வேகத்தைக் குறைக்க முடியும். விமானப்படைத் தேஜஸில் இது இல்லை. மெல்லிய ஸ்டைரீன் தகட்டை வெட்டி, விளிம்பைக் கூராக்கி ஒட்டுகிறோம். இரண்டு பக்கமும் ஒரே கோணத்தில் நிற்க வேண்டும். அந்தப் பெண்ணின் கண் என் கண்ணைவிடக் கூர்மை. இடப்பக்கம் மயிரிழை தாழ்ந்திருப்பதை அவள்தான் சொன்னாள்.

பின்னிருக்கைக்காகக் காக்பிட்டை நீட்டி, முதுகை உயர்த்த வேண்டியிருந்தது. கண்ணாடி மூடிக்குப் பீர்மேட்டிலேயே நல்ல பொருள் கிடைத்தது. பழைய தேயிலைச் செடியைப் பிடுங்கும்போது வரும் கட்டை இரும்புபோல் இறுகியது. நுணுக்கமாகச் செதுக்கினாலும் சிம்பு தெறிக்காது. அதில் மூடியின் வடிவத்தைச் செதுக்கி வழவழப்பாகத் தேய்த்தோம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குள் அதை நுழைத்து வெளியே சூடு காட்டினால் பாட்டில் சுருங்கிக் கட்டையைக் கவ்விக்கொள்ளும். ஆறியதும் பிளேடால் கீறி எடுத்தால் மூடி தயார். தேயிலைத் தோட்டத்துக் கட்டையின் மேல் ஒரு போர் விமானத்தின் மூடி உருவாகி வருவதைப் பார்க்க எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

பிறகு கால்கள். தரையில் இறங்கும் விமானம் கடைசி நேரத்தில் மூக்கை உயர்த்தி மெத்தென்று தொடும். கப்பலில் அதற்கெல்லாம் நேரமும் இல்லை, இடமும் இல்லை. வந்த சரிவிலேயே வந்து தளத்தில் மோதித்தான் இறங்க வேண்டும். சாதாரணமாக விமானத்தின் கால்களை விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கீழிறங்கும் அடியைத் தாங்கும்படி வடிவமைப்பார்கள். கடற்படைத் தேஜஸுக்கோ விநாடிக்குச் சுமார் 7 மீட்டர். வேகம் இரண்டு மடங்குக்கு மேல் என்றால் தாங்க வேண்டிய ஆற்றல் ஐந்து மடங்குக்கு மேல். அதனால் கால்கள் நீண்டு தடித்தன. கால்களைத் தாங்கும் உடல் சட்டமும் தடித்தது. கிட்டோடு வந்த கால்களை ஒதுக்கிவிட்டுப் பித்தளைக் குழாயில் புதிதாகச் செய்தோம்.

கடைசியாக வால் கொக்கி. தளத்தில் குறுக்கே கட்டிய கம்பியை இந்தக் கொக்கி பிடிக்க வேண்டும். பிடித்தால் சுமார் 90 மீட்டருக்குள் விமானம் நின்றுவிடும். இதே பீர்மேடு தாலுகாவில், வண்டிப்பெரியாரை அடுத்த சத்திரத்தில், என்.சி.சி.க்காக மலை மேல் அமைத்த ஓடுதளம் இருக்கிறது. நீளம் 650 மீட்டர். 2022 டிசம்பர் 1 அன்று அங்கே முதன்முதலாக இறங்கியது வைரஸ் எஸ்.டபிள்யூ என்ற இரண்டு இருக்கைச் சின்ன விமானம். அந்த ஓடுதளத்தைத் தெரிந்த பிள்ளைக்கு, கொச்சியில் கட்டிய விக்ராந்த் கப்பலின் மொத்த நீளமே 262 மீட்டர்தான் என்று சொன்னால், கொக்கியின் அருமையை விளக்கத் தேவையில்லை. ஓடும் விமானத்தின் முழு வேகத்தையும் அந்த ஒற்றைக் கொக்கி இழுத்து நிறுத்துகிறது. அந்த இழுப்பு வாலிலிருந்து உடல் முழுக்கப் பாயும். ஆகவே கொக்கி வைத்தால் உடலையும் வலுப்படுத்தியாக வேண்டும்.

இத்தனையும் ஒட்டி முடித்த அன்று அந்தப் பெண் ஒரு காரியம் செய்தாள். சின்ன டிஜிட்டல் தராசில் கிட்டின் பாகங்களை ஆரம்பத்திலேயே எடை போட்டுக் குறித்து வைத்திருந்தாளாம். மாடலைத் தூக்கித் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “கனம் கூடிருச்சு மாமா. நம்ம எதையுமே கழிக்கலயே, சேத்துக்கிட்டேல்ல இருக்கோம்.”

கடற்படைத் தேஜஸ் ஏன் வரிசைக்கு வரவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கேட்டதில்லை. நீண்ட கால், தடித்த சட்டம், கொக்கி, லெவ்கான், அவசரத்தில் எரிபொருளைக் கொட்டும் ஏற்பாடு எல்லாம் எடை. என்ஜின் மட்டும் அதே ஜி.இ. 404 குடும்பம். நம் கப்பல்களில் விமானத்தை உந்தி எறியும் கேட்டபல்ட் இல்லை. மேல்நோக்கி வளைந்த ஸ்கீ-ஜம்ப் முனையில் விமானம் தன் என்ஜின் பலத்தில்தான் ஏற வேண்டும். உடம்பின் எடை கூடினால் ஆயுதமும் எரிபொருளும் குறைய வேண்டும். 2016 டிசம்பரில் கடற்படைத் தளபதி அட்மிரல் சுனில் லான்பா, கப்பலுக்கு இந்த விமானம் கனம் அதிகம், எங்கள் தேவைக்கு உதவாது என்ற பொருளில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். போரில் கப்பலைக் காக்க வேண்டியவர் அப்படிச் சொன்னதில் தவறு காண முடியாது. 2025 ஏப்ரலில் கடற்படைக்காகப் பிரான்ஸிடம் 26 ரஃபால் விமானங்களுக்கு ஒப்பந்தம் ஆனது. ரஃபாலும் கால் நீட்டி, கொக்கி பூட்டித்தான் கப்பலுக்குப் போகிறது. ஆனால் தரைக்கும் கப்பலுக்கும் சேர்த்தே அதை முதலிலிருந்து வரைந்தார்கள். தேஜஸ் தரைக்கென்று பிறந்து பிறகு கடலுக்குப் போனது. வேறுபாடு அங்கே இருக்கிறது.

அதற்காக என்.பி.1-ஐயும் என்.பி.2-ஐயும் தோல்வி என்று எழுதி மூடிவிடுவது பெரிய அநியாயம். 2010 ஜூலையில் பெங்களூரில் வெளியே வந்த என்.பி.1, 2012 ஏப்ரல் 27 அன்று முதன்முறையாகப் பறந்தது. 2014 டிசம்பர் 20 அன்று கோவா ஐ.என்.எஸ். ஹன்சாவில், கப்பல் தளத்தைப் போலவே கரையில் கட்டிய சோதனைத் தளத்தின் வளைமேட்டிலிருந்து அது மேலேறியது. 2019 செப்டம்பர் 13 அன்று அதே இடத்தில் கம்பியைப் பிடித்து நின்றது கடற்படைத் தேஜஸ். 2020 ஜனவரி 11 அன்று கமடோர் ஜெய்தீப் மாவ்லங்கர் நடுக்கடலில் விக்ரமாதித்யா கப்பலில் அதை இறக்கினார். மறுநாள் அங்கிருந்தே கிளப்பினார். 2023 பிப்ரவரி 6 அன்று விக்ராந்திலும் இறங்கியது: நாமே கட்டிய கப்பலில் நாமே செய்த விமானம். கப்பலில் இறங்கி ஏறும் போர் விமானத்தைத் தாமே வடிவமைத்துச் செய்த நாடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த வரிசையில் நம்மைச் சேர்த்தவை இந்த இரண்டு முன்மாதிரிகள். இப்போது வரையப்பட்டுவரும் இரட்டை என்ஜின் கப்பல் போர் விமானத்துக்குக் கொக்கியையும் காலையும் பற்றிய பாடங்கள் இவற்றிலிருந்தே போகின்றன.

வரிசையில் வந்த விமானத்துக்கு ஸ்குவாட்ரன் இருக்கும், பெயர் இருக்கும், ஓய்வு பெறும்போது விழா இருக்கும். இப்போது கோவாவில் இருக்கும் ஐ.என்.எஸ். ஹன்சா 1961-இல் சூலூரில்தான் தொடங்கியது; அப்போது அங்கே பறந்த சீ ஹாக் விமானங்கள் பழைய விக்ராந்திலிருந்து 1971 போரில் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. ஒரு சீ ஹாக் இன்று கோவாவின் கடற்படை விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அது அதற்குத் தகும். முன்மாதிரிக்கு இப்படி எதுவும் தானாக அமைவதில்லை. சோதனை முடிந்ததும் உதிரிப் பாகங்களுக்காகக் கழற்றிவிடுவது உலகம் முழுவதும் நடக்கிறது. நம் இரண்டுக்கும் அது நேரக்கூடாது. பணி முடிந்ததும் என்.பி.1 கோவாவிலும் என்.பி.2 கொச்சியிலும் மக்கள் பார்க்க நிற்க வேண்டும். பக்கத்திலேயே ஒரு விமானப்படைத் தேஜஸையும் நிறுத்த வேண்டும். இரண்டையும் மாறிமாறிப் பார்க்கிற பிள்ளைக்குப் பலகை படிக்காமலே பாதி விளங்கிவிடும்.

என்.சி.சி. ஏர் விங் பாடத்தில் ஏரோமாடலிங் ஏற்கெனவே இருக்கிறது. சத்திரத்தில் ஓடுதளமும் இருக்கிறது. பாம்பனார், ஏலப்பாறை, வண்டிப்பெரியார்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அங்கே ஓர் அறையும் சில கிட்டுகளும் ரம்பங்களும் கொடுத்தால் போதும். ஒரு சங்கடத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், ஆடி மழையில், லாக்கர் பெயிண்ட் அடித்தால் வெண்புகை படிந்ததுபோல் வெளுத்துவிடும். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதுதான் காரணம். ஒரு பெட்டிக்குள் குண்டு பல்பை எரியவிட்டு, முதலில் மாடலை இளஞ்சூடாக்கி, மெல்லிய பூச்சுகளாக அடித்து மறுபடி உள்ளே வைத்தால் சரியாகிவிடும். எங்கள் என்.பி.1-இன் சாம்பல் நிறம் அப்படித்தான் காய்ந்தது.

கிட்டை வழிகாட்டித் தாளில் உள்ளபடி ஒட்டுகிற பிள்ளை ஒரு விமானத்தின் உருவத்தைக் கற்கிறது. அதை அறுத்து இன்னொன்றாக மாற்றுகிற பிள்ளை, ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்ன காரணம், என்ன விலை என்பதைக் கற்கிறது. கொக்கி சேர்த்தால் சட்டம் தடிக்கும், சட்டம் தடித்தால் கனம் கூடும், கனம் கூடினால் குண்டு குறையும் என்ற சங்கிலியைப் பதினைந்து வயதில் கையால் தொட்டுப் பார்த்தவள் நாளைக்கு ஒரு விமானத்தை வரைய உட்கார்ந்தால், முதல் கோடு போடும்போதே கப்பலை நினைத்துக்கொள்வாள்.